இங்கிலாந்தின் 19ஆம் நூற்றாண்டு மூதாதையரைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே சொல்லப்படுவது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து, அயர்லாந்து இரண்டிலும் பதிவுமுறை வேறு, ஆவணங்கள் இருக்கும் இடமும் வேறு. தேவாலயப் பதிவேடு, அரசாங்கப் பிறப்பு இறப்புப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தால் 1800களில் வாழ்ந்த ஒரு சாதாரண கூலிக்காரக் குடும்பத்தைக்கூட மூன்று நான்கு தலைமுறை பின்தொடர முடியும். ஆனால் பெயர் ஒத்துப்போனதும் "இவர்தான்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அவர்தான் என்பதற்கு இரண்டாவது காரணம் ஒன்று வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி அந்த இரண்டாவது காரணத்தை எங்கே தேடுவது என்பதைப் பற்றியவையே.

எங்கிருந்து தொடங்குவது?

உறுதியாகத் தெரிந்த ஆளிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். "நம் குடும்பம் இன்ன பிரபுவின் வழி" என்று வீட்டில் ஒரு பேச்சு இருக்கும். அந்தப் பிரபுவில் தொடங்கி முன்னோக்கி வந்தால் நமக்கு வேண்டிய ஆளை நாமே நுழைத்துவிடுவோம். தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதில் அவருடைய பெற்றோர் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் இருக்கும். அதை வைத்து அந்தப் பெற்றோரின் திருமணப் பதிவைத் தேடலாம். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவரின் தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். அதோடு கணக்கெடுப்பில் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் பிறந்த ஊர் தெரிந்துவிடும். அந்த ஊரின் தேவாலயப் பதிவேடுதான் அடுத்த படி.

20ஆம் நூற்றாண்டுப் பகுதியைக் கடப்பதற்கு 1911, 1921 கணக்கெடுப்புகளும், போர் தொடங்கியதும் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடும் உதவும். 1931 கணக்கெடுப்பு ஏடுகள் 1942இல் தீயில் எரிந்துபோயின. 1941இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது 1939 பதிவேடு ஒன்றுதான்.

1837 என்ற ஆண்டை எல்லோரும் சொல்கிறார்களே, ஏன்?

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசாங்கமே பதியத் தொடங்கியது. அதற்கு முன் தேவாலயம் மட்டும்தான். நாடு முழுவதற்கும் ஒரே பெயர்ப் பட்டியல் காலாண்டு வாரியாக இருக்கிறது. மார்ச் காலாண்டு என்றால் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பதியப்பட்டவை. பிறந்த 42 நாட்களுக்குள் பதிந்தால் போதும் என்பதால் மார்ச் 20ஆம் தேதி பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "பதிவே இல்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய.

பட்டியலில் வரும் ஊர்ப்பெயரும் ஏமாற்றும். அது பதிவு மாவட்டத்தின் பெயர். மாவட்டங்களை ஏழைகள் நிவாரணத்துக்காக ஏற்கெனவே வகுத்திருந்த பிரிவுகளை ஒட்டி அமைத்தார்கள், ஒரு மாவட்டத்துக்குள் டஜன் கணக்கில் கிராமங்கள் உண்டு. குடும்பம் வாழ்ந்த கிராமத்தின் பெயரைப் பட்டியலில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே பெயரில் பத்துப் பேர் வருகிறார்கள். எதை எடுப்பது?

ஜான், வில்லியம், மேரி, எலிசபெத், ஆன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே அந்த நூற்றாண்டில் திரும்பத் திரும்ப வைத்தார்கள். அண்ணன் தம்பி மூவரும் தங்கள் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் ஒரே ஊரில், ஒரே வயதில், ஒரே பெயரில் மூன்று பேர். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் நமக்கு இது புரியாத விஷயமல்ல.

இங்கே கைகொடுப்பது தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர். பழைய அச்சுப் பட்டியலில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வருகிறது. தலைமைப் பதிவு அலுவலகம் பிற்பாடு இணையத்துக்கென்று புதிதாகத் தொகுத்த பட்டியலில் 1837 முதலே சேர்த்திருக்கிறார்கள். ஒரே குடும்பப்பெயர், ஒரே தாய்ப்பெயர், ஒரே மாவட்டம் என்று வடிகட்டினால் ஒரு தம்பதியின் பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். சிறுவயதிலேயே இறந்து, எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறாமல் போன குழந்தைகளும் அதில் இருப்பார்கள். என்னைக் கேட்டால், கடந்த சில பத்தாண்டுகளில் இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவி இந்தப் பட்டியல்தான்.

கணக்கெடுப்பில் என்னவெல்லாம் கிடைக்கும்? எல்லா ஆண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்தார்கள். ஆனால் முதல் நான்கில் தலைகளை எண்ணியதோடு சரி, பெயர்கள் அரிது. நாடு முழுவதும் ஒவ்வொருவர் பெயரும் முதலில் வந்தது 1841இல்.

அந்த 1841ஐப் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். பென்சிலில் எழுதியவை, பல பக்கங்கள் மங்கிவிட்டன. 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 42 வயதுக்காரர் 40, 59 வயதுக்காரர் 55. எனவே "40" என்று கண்டால் 40 முதல் 44 வரை எதுவாகவும் கொள்ளுங்கள். சில கணக்கெடுப்பாளர்கள் இந்த விதியைக் கண்டுகொள்ளாமல் சரியான வயதையே எழுதியதும் உண்டு. உறவுமுறை எழுதப்படவில்லை. ஒரே வீட்டில் ஓர் ஆண், ஒரு பெண், நான்கு குழந்தைகள் என்றால் கணவன் மனைவி என்று நாம் எண்ணுவோம், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பிறந்த ஊர் கிடையாது. இதே கவுண்டியில் (இங்கிலாந்தின் பெரிய நிர்வாகப் பிரிவு) பிறந்தவரா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவே.

1851தான் நமக்கு உண்மையான வாசல். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, மணமானவரா, சரியான வயது, தொழில், பிறந்த கவுண்டி, பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) எல்லாம் அதில் உண்டு. 1780களில் பிறந்த ஒரு கிழவர் 1851 வரை உயிரோடு இருந்தால் அவர் பிறந்த கிராமம் நம் கைக்கு வந்துவிடும். அதனால் நேர்வழி மூதாதையர் அந்த ஆண்டுக்குள் இறந்திருந்தாலும் அவருடைய தம்பியையோ தங்கையையோ தேடுங்கள். பக்கவாட்டில் போவது வீண் அலைச்சல் இல்லை, பல சமயம் வழியே அதுதான்.

1911இல் இன்னொரு கேள்வி சேர்ந்தது. மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை. குடும்பத் தலைவர் தம் கைப்பட நிரப்பிய படிவமே அந்த ஆண்டுக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாம் பார்ப்பதெல்லாம் கணக்கெடுப்பாளர் வீட்டுப் படிவங்களைப் பார்த்துத் தம் ஏட்டில் எழுதிய நகல். நகல் எடுக்கும்போது பெயரும் வயதும் பிசகும்.

பத்து ஆண்டில் வயது ஏழுதான் கூடியிருக்கிறது. வேறு ஆளா?

வேறு ஆளாக இருக்க வேண்டியதில்லை. தன் வயது சரியாகத் தெரியாதவர்கள் ஏராளம். கணவனைவிட மூத்த மனைவி வயதைக் குறைத்துச் சொல்வாள், வேலை தேடும் பையன் கூட்டிச் சொல்வான். மூன்று ஆண்டு வித்தியாசம் சாதாரணம். பிறந்த ஊரும் மாறும். குழந்தையாக இருந்தபோது குடியேறிய ஊரையே பிறந்த ஊர் என்று நம்பியவர்கள் உண்டு. தொலைதூர நகரத்தில் இருக்கும்போது அருகிலுள்ள பெரிய ஊரின் பெயரைச் சொல்லியிருப்பார்கள். வயது, ஊர், தொழில், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் ஆகியவற்றில் ஒன்று பிசகலாம். இரண்டு மூன்று சேர்ந்து பிசகினால் நின்று யோசியுங்கள்.

திருமணமாகாத 12 வயதுப் பெண்ணை மருமகள் என்று எழுதியிருக்கிறதே?

அந்தக் கால வழக்கில் மருமகன், மருமகள் என்ற அதே சொற்களை மனைவியின் முந்தைய மணத்துப் பிள்ளைகளுக்கும் பயன்படுத்தினார்கள். இதைக் கண்டால் மகிழுங்கள். மனைவி முன்பு மணமாகி விதவையானவர் என்பதற்கும், அவருடைய முதல் கணவரின் குடும்பப்பெயருக்கும் துப்பு அதில் இருக்கிறது.

ஒரு கணக்கெடுப்பில் மட்டும் குடும்பத்தையே காணோம்.

எழுத்துக்கூட்டலை முதலில் சந்தேகியுங்கள். எழுதத் தெரியாத குடும்பம் தன் பெயரை வாயால் சொல்ல, கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுத, இன்றைக்கு அதைக் கணினியில் ஏற்றியவர் வேறொன்றாகப் படித்திருப்பார். குடும்பப்பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், வயது, பிறந்த ஊர் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். வழக்கமில்லாத முதற்பெயர் கொண்ட பிள்ளை ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செல்லப்பெயரையும் மறக்காதீர்கள். மேரி என்பவர் மாலி அல்லது பாலி, மார்கரெட் என்பவர் பெகி, ஆன் என்பவர் நான்சி, ஜான் என்பவர் ஜாக்.

தெரு தெரிந்திருந்தால் அந்தத் தெருவின் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து கண்ணால் படித்துப் போவது இன்னும் நல்லது. அக்கம்பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றும் தெரியும், அதில் பாதிப்பேர் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். 1861 கணக்கெடுப்பில் சில பகுதிகளின் ஏடுகள் தொலைந்துபோயின என்பதையும் நினைவில் வையுங்கள்.

தேவாலயப் பதிவேட்டில் என்ன இருக்கும்?

1538இல் தாமஸ் குரோம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பாரிஷும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்கத் தொடங்கியது. 1813 வரை ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் குருவானவர் தமக்குத் தோன்றியபடி எழுதினார். சிலர் இரண்டே சொற்களில் முடித்துவிடுவார்கள், சிலர் பாட்டன் பெயர் வரை எழுதுவார்கள். 1813 ஜனவரி முதல் அச்சிட்ட படிவம் வந்தது. ஞானஸ்நானத்துக்குக் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், குடியிருப்பு, தகப்பன் தொழில். அடக்கத்துக்குப் பெயர், குடியிருப்பு, நாள், வயது. தாயின் பிறந்தவீட்டுப் பெயருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை, நமக்கு அது பெரிய இழப்பு.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது. பிறந்த மூன்றாம் நாளும் கொடுப்பார்கள், ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதும் உண்டு.

பதிவேடு அழிந்திருந்தால் அல்லது மை கலைந்திருந்தால் ஆயருக்கு அனுப்பிய நகலைக் கேளுங்கள். 1598 முதல் ஒவ்வொரு பாரிஷும் ஆண்டுதோறும் நகலெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. மூலத்தில் விட்டுப்போன பெயர் நகலில் இருந்த கதைகளும் உண்டு. இரண்டும் பெரும்பாலும் அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும்.

பாரிஷ் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரே இல்லை, பெற்றோரின் திருமணம் மட்டும் இருக்கிறது.

பாரிஷ் பதிவேடு அரசு ஏற்ற ஆங்கிலிக்கன் சபையுடையது, குடும்பம் அந்தச் சபையில் இல்லாமல் இருந்திருக்கலாம். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், சுயாதீன சபையார், குவேக்கர், கத்தோலிக்கர் எனப் பலர் இருந்தார்கள். 1754 முதல் 1837 வரை குவேக்கர்களையும் யூதர்களையும் தவிர மற்ற எல்லோரும் சட்டப்படி ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணமுடிக்க வேண்டும். அதனால்தான் திருமணம் அங்கே, பிள்ளைகள் வேறு சபையில். இந்தச் சபைகளின் பழைய பதிவேடுகளில் பெரும்பகுதியை 1837க்குப் பின் அரசாங்கம் வாங்கிவைத்தது. அவை இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற வரிசையில் உள்ளன. குவேக்கர்களுடையது ஆர்.ஜி. 6.

டார்செட் கவுண்டியின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவற்றின் புதைபடிவங்களைத் தோண்டியெடுத்துப் புகழ்பெற்ற மேரி ஆனிங் நல்ல எடுத்துக்காட்டு. தந்தை தச்சர். பெற்றோரின் திருமணம் 1793இல் பிளான்ட்ஃபோர்டில். குடும்பமோ லைமில் சுயாதீன சபையைச் சேர்ந்தது. பாரிஷ் பதிவேட்டை மட்டும் புரட்டுபவர் அவருடைய பிறப்பைத் தவறவிடுவார்.

அதே குடும்பத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நாம் அறிந்த மேரி பிறந்தது 1799 மே மாதம். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1798 டிசம்பரில், நான்கு வயது அக்காள் ஒருத்தி உடையில் தீப்பற்றி இறந்தாள். அவள் பெயரும் மேரி. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அன்று பரவலான வழக்கம். ஒரு தம்பதிக்கு ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானம் கண்டால் முதல் குழந்தையின் அடக்கத்தைத் தேடாமல் மேலே போகாதீர்கள். நான்கு வயதில் இறந்தவளுக்குப் பேரன் பேத்திகளை ஒட்டவைத்த கொடிவழிகள் இணையத்தில் எத்தனையோ.

பிறப்புச் சான்றிதழில் தகப்பன் இடம் காலியாக இருக்கிறது.

பெற்றோர் மணமாகாதவர்கள் என்பதே பெரும்பாலும் காரணம். 1875க்குப் பின், தகப்பனும் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் அவர் பெயரை எழுதுவார்கள். ஆனால் தேடல் அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. பிள்ளைக்கு நடுப்பெயராக ஒரு குடும்பப்பெயரை வைத்திருந்தால் அது தகப்பனுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். 1834க்கு முன்பென்றால் பாரிஷின் ஏழைகள் நிவாரண ஆவணங்களைப் பாருங்கள். பிள்ளையை வளர்க்கும் செலவு பாரிஷ் தலையில் விழக்கூடாது என்று தகப்பன் யார் எனத் தாயை விசாரித்து, அந்த ஆணிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். பாரிஷ் தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த ஏற்பாடுதான். ஆனால் வேறெங்கும் கிடைக்காத பெயர் அதில் கிடைக்கிறது. பிள்ளை வளர்ந்து மணமுடிக்கும்போது திருமணப் பதிவில் ஒரு தகப்பன் பெயர் வரும், அது உண்மையாகவும் இருக்கலாம், மானத்துக்காகச் சொன்ன பெயராகவும் இருக்கலாம்.

பிறப்புப் பதிவே கிடைக்கவில்லை என்றால்?

சார்லி சாப்ளினின் பிறப்புச் சான்றிதழ் இன்று வரை கிடைக்கவில்லை. 1889 ஏப்ரலில் லண்டனில் பிறந்ததாக அவரே சொல்லிவந்தார். பிரிட்டிஷ் உளவுத்துறை தேடிப் பார்த்தும் பதிவு அகப்படவில்லை. ஆனால் 1891 கணக்கெடுப்பில் தாய் ஹன்னாவோடும் அண்ணன் சிட்னியோடும் தெற்கு லண்டன் வால்வொர்த்தில் சிறுவனாக இருக்கிறார். ஏழு வயதில் லாம்பெத் வொர்க்ஹவுஸில் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லம்) சேர்க்கப்பட்டு அங்கிருந்து ஹன்வெல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஒரு கதவு மூடியிருந்தால் அந்த ஆளே இல்லை என்று ஆகிவிடாது.

பதிவு இல்லாமல் போகக் காரணமும் உண்டு. 1875 வரை பதியாத பெற்றோருக்குச் சட்டத்தின் பிடி தளர்வாகவே இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்தால் போதும் என்று எண்ணியவர்கள் பலர்.

வொர்க்ஹவுஸ் ஆவணங்களைப் பார்ப்பது பயனுள்ளதா?

மிகவும். வசதியானவர்கள் உயில் விட்டுப்போனார்கள், ஏழைகளுக்கு அது இல்லை. ஆனால் ஏழைகளைத்தான் அதிகாரிகள் உட்காரவைத்து விசாரித்தார்கள். 1662ஆம் ஆண்டுக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி உதவி கேட்டு வருபவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். எங்கே பிறந்தாய், யாரிடம் தொழில் பழகினாய், எங்கே ஓராண்டு வேலை செய்தாய், எந்தத் தேவாலயத்தில் மணமுடித்தாய் என்று கேட்டு எழுதிய வாக்குமூலம் ஒரு கூலிக்காரரின் முழு வாழ்க்கை வரலாறாக நிற்கும். தம்மை விரட்டுவதற்காக எழுதப்பட்ட தாளில் அவர்களுடைய சொந்தக் குரல் மிஞ்சியிருப்பது ஒவ்வொரு முறையும் மனதைத் தொடுகிறது.

திருமணப் பதிவில் எதைக் கவனிக்க வேண்டும்?

சாட்சிகளை. நேரே மணமக்களைப் பார்த்துவிட்டுச் சாட்சிப் பெயர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அவர்கள் உடன்பிறந்தோர். "முழு வயது" என்று எழுதியிருந்தால் 21 நிறைந்தவர் என்று மட்டும் பொருள். திருமணம் பெரும்பாலும் மணமகளின் ஊரில் நடக்கும், மணமகனின் ஊரில் தேடி ஏமாறாதீர்கள். மூன்று ஞாயிறு தேவாலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த குறிப்பு இருவரின் பாரிஷிலும் இருக்கும் என்பதால், ஓலைப் புத்தகம் மற்றவர் எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்கும்.

சொந்த ஊரைவிட்டு முகம் தெரியாத நகரத்தில் மணம் நடந்திருந்தால் காரணம் தேடுங்கள். மனைவி இறந்தபின் அவள் தங்கையைக் கட்டிக்கொள்வது நம் ஊரில் குடும்பமே முன்னின்று நடத்துவது. இங்கிலாந்தில் 1835 முதல் 1907 வரை அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது.

மதராஸில் இருந்த ஆங்கிலேயருக்கு எங்கே தேடுவது?

கம்பெனிக் காலத்திலிருந்து மதராஸ் மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698 முதலான அந்த நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம், திருச்சி, பாளையங்கோட்டை என எல்லா இடத்தின் பதிவுகளும் அதில் சேரும். ஃபிபிஸ் என்ற தன்னார்வச் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். தமிழ்த் தாய்மார்களின் பெயர் பல பதிவுகளில் இருக்காது, அல்லது ஞானஸ்நானத்தில் பெற்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பக்கம் ஏடு மௌனமாகிவிடுகிறது, அதை நியாயம் என்று சொல்ல முடியாது. தகப்பன் பிரிட்டிஷ் அரசின் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வூதியத்தோடு வெளியேறியிருந்தால், கியூவில் டபிள்யூ.ஓ. 97 வரிசையில் அவர் இங்கிலாந்தில் பிறந்த பாரிஷ் எழுதியிருக்கும்.

இணையத்தில் வேறொருவர் போட்ட கொடிவழியை எடுத்துக்கொள்ளலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக வேண்டாம். ஒருவர் போட்டதை இருபது பேர் நகலெடுத்தால் இருபது சாட்சி ஆகாது. மூலப் பக்கத்தின் படத்தைக் காட்டாத எந்த வரியையும் நீங்களே சரிபாருங்கள். உங்கள் குறிப்பிலும் ஒவ்வொரு பெயருக்கும் எந்தப் பதிவேடு, எந்தக் காப்பகம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை என்று ஏன் நம்பினீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவையுங்கள். பின்னால் படிக்கும் உங்கள் பேத்திக்கு அந்த வரி வேண்டும்.

பணம் கட்டாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

நல்ல தூரம் போகலாம். ஃபேமிலிசெர்ச் தளத்தில் கணக்கு தொடங்கினாலே போதும், பாரிஷ் பதிவேடுகளின் தொகுப்புகளும் பலவற்றின் படங்களும் கிடைக்கும். 1881 கணக்கெடுப்பு முழுவதும் தன்னார்வலர்கள் எழுதியெடுத்த வடிவில் அங்கே இருக்கிறது. பிறப்பு, திருமண, இறப்புப் பட்டியலுக்கு ஃப்ரீபிஎம்டி. கிராமங்களின் விவரத்துக்கு ஜெனுகி, பழைய வரைபடங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம். ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் இரண்டும் சந்தாத் தளங்கள், ஆனால் இங்கிலாந்தின் பல பொது நூலகங்களில் உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ்களுக்குத்தான் காசு ஆகும். அதைத் தலைமைப் பதிவு அலுவலகத்தின் தளத்திலேயே நேரடியாகக் கேளுங்கள், இடையில் நிற்கும் தளங்கள் அதே தாளுக்குக் கூடுதலாக வாங்கும்.